ஒரு டாலருக்கு எத்தனை உயிர்?

உங்களிடம் 7,500 கோடி டாலரைக் கொடுத்து, "ஏழை நாடுகளின் துன்பத்தைக் குறைக்க இதை நான்கு ஆண்டுகளில் செலவிடுங்கள்" என்று யாரேனும் சொன்னால் முதலில் எதைச் செய்வீர்கள்? பள்ளிக்கூடம் கட்டுவதா, கிணறு வெட்டுவதா, குழந்தைகளுக்குச் சத்து மருந்து கொடுப்பதா, மலேரியாவை விரட்டுவதா? இது பொழுதுபோக்குக்காகக் கேட்கும் கேள்வி அன்று. டென்மார்க் நாட்டினரான பியோர்ன் லோம்போர்க் என்பவர் புகழ்பெற்ற பொருளியல் அறிஞர்களைக் கூட்டி வைத்து இத்தகைய கேள்வியை 2004, 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் கேட்டார். 'கோபன்ஹேகன் ஒருமித்த கருத்து' என்பது அம்முயற்சியின் பெயர். அறிஞர்கள் திட்டங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தித் தந்தார்கள். உலகப் பத்திரிகைகள் அந்த வரிசையை வெளியிட்டன. உதவி வழங்குவோர் கேட்கும் முதற்கேள்வியாகவே அது ஆகிவிட்டது எனலாம்: போட்ட பணத்துக்கு அதிக நன்மை எங்கே கிடைக்கும்?

இந்தப் பட்டியல்களின் தகுதியையும் குறையையும் இங்கே ஆராய்வோம். உரைகல்லாக நம் திருவள்ளூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். உலக நாடுகளின் உதவிக் கொள்கையை உரசிப் பார்க்கத் திருவள்ளூர் போதுமா என்று சிலர் கேட்கக்கூடும். காசநோயைப் பொறுத்தவரை, இத்தனை ஆண்டுகள் இத்தனை நுணுக்கமாக அளந்து பார்க்கப்பட்ட ஊர்ப்புறம் உலகில் அதிகம் இல்லை. காசநோயோ ஏழையின் நோய். ஏழ்மையால் வருவது, வந்தபின் ஏழ்மையைப் பெருக்குவது.

முதலில், பட்டியல் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஒரு திட்டத்துக்கு ஆகும் செலவு ஒரு பக்கம். அதனால் விளையும் நன்மை மறுபக்கம். நன்மையையும் பணமாக மாற்றிவிட்டால் ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடலாம். ஒரு டாலர் செலவுக்குப் பத்து டாலர் நன்மை என்றால் விகிதம் பத்து. பள்ளிப் பிள்ளைகளின் குடற்புழுவை நீக்குவதையும் புதிய நெல் வித்துக்கான ஆராய்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட வேறு வழி கிடையாது என்பது இவர்களுடைய வாதம்.

உயிரை எப்படிப் பணமாக்குவது? நோயாலும் ஊனத்தாலும் அகால மரணத்தாலும் மக்கள் இழக்கும் ஆண்டுகளைக் கூட்டுகிறார்கள். உலக வங்கி 1993-ஆம் ஆண்டு அறிக்கையில் இந்த அளவைப் பயன்படுத்தியபின் இது எங்கும் பரவியது. கோபன்ஹேகன் கணக்குகளில், இழக்காமல் காப்பாற்றப்பட்ட ஓர் ஆண்டின் விலை 1,000 டாலர் என்று ஒரு கணக்கும், 5,000 டாலர் என்று இன்னொரு கணக்கும் போட்டார்கள். விடை ஐந்து மடங்கு மாறுவதைக் கவனியுங்கள். எந்த விலை சரி என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல முடியாது. இது அறிவியல் அளவீடு அன்று; மனிதர் செய்த தீர்மானம். அதை ஒளிக்காமல் எழுதி வைத்ததற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

கேள்வியும் நல்ல கேள்விதான். பணம் அளவானது, ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றொன்றுக்கு இல்லை. அடிக்கல் நாட்டுவதற்கும் படம் எடுப்பதற்கும் வசதியான திட்டங்களுக்கே உதவிப் பணம் போய்க்கொண்டிருந்தபோது, "இதனால் உண்மையில் எவ்வளவு நன்மை?" என்று ஒருவர் கேட்பது தேவையாகவே இருந்தது. இக்கேள்வியின் வலிமைக்குச் சான்று கோபன்ஹேகனில் தேட வேண்டியதில்லை. சென்னையிலேயே இருக்கிறது.

1950-களில் இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கான படுக்கைகளோ மிகக் குறைவு. நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு, இவை மூன்றும் சானடோரியத்தில் கிடைத்தால்தான் நோய் தீரும் என்று நம்பியிருந்த காலம் அது. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்துக்குச் சானடோரியம் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது அல்லவா? அந்த நம்பிக்கையின் நினைவுச் சின்னம் அது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படுக்கை என்றால் நாட்டின் கஜானா தாங்காது. எனவே 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சென்னையில் ஒரு மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அம்மையமே.

அவர்கள் செய்தது எளிய சோதனை. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்தில் தங்கி மருந்து உண்டார்கள். மறு பாதியினர் நகரின் நெருக்கடியான குடிசைகளிலேயே இருந்து அதே மருந்தை உண்டார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தோரும் கிட்டத்தட்ட அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களுடைய உணவு சத்துக் குறைந்ததாகவும் ஓய்வு சொற்பமாகவும் இருந்தது. இருந்தும் மருந்து தன் வேலையைச் செய்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சை படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்ததற்கு இச்சோதனை முக்கியமான காரணம். குறைந்த செலவில் நிறைந்த நன்மை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த முடிவு யாரும் உட்கார்ந்து போட்ட வகுத்தல் கணக்கிலிருந்து வரவில்லை. சென்னைக் குடிசைகளில், சென்னை நோயாளிகளிடம் சோதித்ததால் வந்தது. பட்டியல்காரர்களின் கணக்கு இடறும் இடமும் இதுவே. அதைப் புரிந்துகொள்ளத் திருவள்ளூருக்குப் போக வேண்டும்.

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றிக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. 1948-ல் கிண்டியில் அதைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. ஐ.நா. குழந்தைகள் நிதியும் உலக சுகாதார நிறுவனமும் துணை நிற்க, 1951 முதல் நாடெங்கும் கோடிக்கணக்கானோருக்கு ஊசி போடப்பட்டது. அந்நாளைய பட்டியல் ஒன்றை நாம் கற்பனை செய்து பார்த்தால் பி.சி.ஜி. அதில் முதலிடத்தையோ இரண்டாமிடத்தையோ பிடித்திருக்கும். ஊசியின் விலை சொற்பம், ஒரு முறை போட்டால் போதும், டாக்டர் தேவையில்லை, பயனும் பெரிது. இங்கிலாந்தில் 1950-ல் தொடங்கிப் பள்ளி மாணவர்களிடையே நடந்த பெரிய சோதனையில் அது ஐந்தில் நான்கு பங்கு காசநோயைத் தடுத்தது. இந்த எண்ணை இந்தியாவின் நோயாளித் தொகையோடு பெருக்கினால் வரும் நன்மையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

(இராஜாஜி 1955-ல் பி.சி.ஜி.யைக் கடுமையாக எதிர்த்துப் பிரசுரம் வெளியிட்டார். பின்னால் வந்த சோதனை அவர் பக்கம் தீர்ப்பளித்துவிட்டதாகச் சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. ஊசி தீங்கு செய்யும் என்று அவர் அஞ்சினார். சோதனை ஆராய்ந்தது அது நோயைத் தடுக்கிறதா என்பதை. இரண்டும் வேறு கேள்விகள்.)

பெருக்கல் கணக்கில் ஐயப்பட்டவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்த சோதனையில் ஊசியின் பயன் மிகக் குறைவாகவே தெரிந்தது. ஆந்திரத்து மதனப்பள்ளியிலும் இங்கிலாந்தின் அளவுக்குக் கிடைக்கவில்லை. எது உண்மை என்று உறுதி செய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகிய மூன்றும் சேர்ந்து 1968-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியைத் தேர்ந்தெடுத்தன. 1997-ல் மாவட்டம் பிரிந்தபோது தனி மாவட்டமானது இப்பகுதிதான்.

இருநூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களும் சில சிற்றூர்ப் பகுதிகளும் சோதனைக்குள் வந்தன. வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். 1971-க்குள் ஏறத்தாழ 2,80,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. மூன்றில் இரு பங்கினருக்கு மருந்து, ஒரு பங்கினருக்கு மருந்தில்லாத வெறும் நீர்மம். யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. சங்கேத எண் மட்டும் ஏட்டில் இருந்தது. ஏன் இந்த மறைப்பு என்று மாணவர்கள் கேட்கலாம். "இவர் ஊசி போட்டவர், இவருக்கு நோய் இராது" என்ற எண்ணம் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பவரின் கண்ணையே ஏமாற்றும். அறிவியலில் நம்பத் தகாத முதல் சாட்சி நம்முடைய விருப்பமே. அதன்பின் இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி போயிற்று; ஐயத்துக்குரியவர்களின் சளியை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள்.

ஏழரை ஆண்டுக்குப்பின், 1979-ல் முதல் அறிக்கை வெளிவந்தது. நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.யின் பயன்: ஒன்றுமில்லை. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வேறுபாடு காணவில்லை. பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999-ல் வெளியானபோதும் பெரியவர்களைப் பொறுத்தவரை அதே முடிவு. குழந்தைகளிடம் சிறிது காப்பு தெரிந்தது; ஆயினும் அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. மருத்துவ உலகம் திகைத்தது. மருந்து கெட்டுப்போயிற்றா என்று ஆராய்ந்தார்கள், இல்லை. இரு வேறு வித்துகளைப் பயன்படுத்தியிருந்தார்கள்; இரண்டும் ஒன்றுபோலவே தோற்றன.

என்ன காரணம்? இப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் நிறைய வாழ்கின்றன. அவை பெரிய நோய் எதையும் உண்டாக்குவதில்லை. ஆனால் வளரும் பருவத்திலேயே கிராமத்தார் மிகப் பெரும்பாலோரின் உடல் அவற்றோடு பழகிவிடுகிறது. அந்தப் பழக்கமே சிறிதளவு காப்பைக் கொடுத்து, பி.சி.ஜி. மேலும் சேர்க்க இடமில்லாமல் செய்திருக்கலாம் என்பது வலுவான விளக்கங்களுள் ஒன்று. இங்குள்ள காசநோய்க் கிருமி வகையே வேறு தன்மையது என்றும், ஒருமுறை தொற்றியவருக்கே வெளியிலிருந்து மீண்டும் மீண்டும் தொற்றுவதால் ஊசியின் காப்பு போதவில்லை என்றும் கூறுவோர் உண்டு. எதுவாயினும், லண்டன் பள்ளிச் சிறுவனின் உடலில் கிடைத்த எண்ணைத் திருவள்ளூர் உழவரின் உடலில் வைத்துப் பெருக்கியது பிழை என்பது மட்டும் உறுதியாயிற்று. ஊசி அன்றே கைவிடப்படவில்லை. பச்சிளங் குழந்தைகளை மூளைக் காய்ச்சலாக வரும் கொடிய காசநோயிலிருந்து அது காப்பதால், பிறந்தவுடன் போடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆனால் பெரியவர்களிடையே நோய் பரவுவதை அது நிறுத்தும் என்ற நம்பிக்கையில் பணம் கொட்டுவது நின்றது.

இப்போது மீண்டும் பட்டியலுக்கு வருவோம். 2008-ஆம் ஆண்டு வரிசையில் காசநோயாளிகளைக் கண்டறிந்து சிகிச்சை தருவது 13-ஆம் இடத்தில் இருந்தது. 2012-ல் காசநோய்ச் சிகிச்சை ஐந்தாம் இடத்துக்கு ஏறியது. 2004-ல் முதலிடம் பெற்ற எய்ட்ஸ் தடுப்பு 2008-ல் 19-ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆராயப்பட்ட திட்டங்களும் அவற்றை எழுதிய நிபுணர்களும் வேறு என்பது உண்மையே. ஆனாலும் நான்கு ஆண்டுகளில் நோய் மாறிவிடவில்லை, ஏழையும் மாறவில்லை. மாறியது எண் மட்டும். 2012-ல் தீர்ப்புச் சொன்ன ஐந்து அறிஞர்களில் நால்வர் நோபல் பரிசு பெற்றவர்கள். ஐவரும் அமெரிக்க, ஐரோப்பியப் பின்னணி உடையவர்கள் என்பதைக் குறையாகச் சொல்வது எளிது. என் குறை வேறு. அவர்கள் முன் வைக்கப்பட்ட கணக்கேட்டில், "இந்த எண் எந்த ஊரில், எந்த மக்களிடம் அளந்தது?" என்ற பத்தி பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

2015-ல் அதே அமைப்பு காசநோய்க்குச் செலவிடும் ஒரு டாலர் 43 டாலர் நன்மை தரும் என்று அறிவித்தது. நாற்பத்து மூன்று! மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். எந்த ஊரின் நாற்பத்து மூன்று?

திருவள்ளூரில் இதற்கும் விடை தேடியிருக்கிறார்கள். நோயாளி மருந்தை விழுங்குவதை ஒரு பணியாளர் கண்ணால் பார்த்து உறுதி செய்யும் முறைக்கு 'டாட்ஸ்' என்று பெயர். 1999-ல் இம்மாவட்டத்தில் ஏறத்தாழ 5,80,000 மக்கள் வாழும் பகுதியில் அம்முறை தொடங்கியது. அது நோயை உண்மையில் குறைக்கிறதா என்று சேத்துப்பட்டு நிறுவனம், உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக வந்த அமெரிக்க அரசின் உதவிப் பணத்தோடு, மக்களிடையே திரும்பத் திரும்பக் கணக்கெடுத்தது. தொடக்கத்தில் வளர்ந்தோர் ஒரு லட்சம் பேரில் சுமார் 600 பேரின் சளியில் காசநோய்க் கிருமி வளர்ந்தது. அடுத்த கணக்கெடுப்பில் சுமார் 450. 2004-க்கும் 2006-க்கும் இடையில் சுமார் 300. ஐந்தாறு ஆண்டுகளில் நோய் பாதியாயிற்று. பி.சி.ஜி. செய்யாததை, ஒழுங்காகக் கொடுத்த மருந்து செய்தது. அதே மண்ணில், அதே மக்களிடையே!

இத்துடன் நிறுத்தினால் பட்டியல்காரர்கள் மகிழ்வார்கள். ஆனால் ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. 2006-க்கும் 2008-க்கும் இடையில் நான்காம் முறை எண்ணியபோது 300 என்ற எண் 400-ஐ நெருங்கியிருந்தது. இறங்கும் கோட்டை அப்படியே நீட்டிக்கொண்டே போகலாம் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. ஒரு டாலர் போட்டால் இவ்வளவு என்ற விகிதம் ஒரு முறை அளந்த படம். நோயோ ஓடிக்கொண்டிருக்கும் ஆறு.

மருந்து போய்ச் சேர்ந்தும் தங்காத வீடுகள் உண்டு. திருவள்ளூரில் 2000-ஆம் ஆண்டு சிகிச்சை தொடங்கியவர்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஆறில் ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டது தெரிந்தது. ஆண்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், முன்பே ஒரு முறை சிகிச்சை பெற்றவர்கள் அதிகம் நின்றார்கள். சளி நின்று உடம்பு சற்றுத் தேறியதும் கூலிக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆறு மாத மருந்தின் மூன்றாம் மாதத்தில், இனி எதற்கு என்று தோன்றிவிடுகிறது. தமிழ்நாட்டு நோயாளிகளிடம் 1990-களில் நடந்த மற்றோர் ஆய்வு, பெற்றோருக்குக் காசநோய் வந்தால் பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு மேல் படிப்பை விடுவதைக் கண்டது. கோபன்ஹேகன் பட்டியலில் பள்ளிக் கல்வி ஒரு வரிசையில் நிற்கிறது, காசநோய் வேறொரு வரிசையில் நிற்கிறது. வீட்டுக்குள்ளே இரண்டும் ஒன்றாகத்தான் நுழைகின்றன.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்தால் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். பி.சி.ஜி. சோதனை நடந்த கிராமங்களில் மக்கள் நிலையாகக் குடியிருந்தார்கள். அதனால்தான் பதினைந்து ஆண்டுகள் பெயர் சொல்லித் தேடிப் பிடிக்க முடிந்தது. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்புருக்கு ஆலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் உழைப்போரில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள். ஓர் அறையில் பலர் தங்குகிறார்கள். ஒப்பந்தக்காரர் மாறினால் ஊரும் மாறுகிறது. திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவோர் சூளைப் பருவம் முடிந்தால் திரும்பிப் போகிறார்கள். பருவம் ஏறத்தாழ ஆறேழு மாதம். காசநோய் மருந்தின் காலமும் ஆறு மாதம். பருவத்தின் நடுவில் இருமல் கண்டு சளியைச் சோதித்தவர் மருந்தின் நடுவில் ரயிலேறுவார். இவரைத் தொடர்ந்து சென்று மருந்து கொடுப்பதற்கு ஆகும் செலவு எந்த விகிதத்துக்குள் அடங்கும்? நிலையாகக் குடியிருப்பவருக்கு மருந்து தருவது மலிவு, அலைந்து திரிபவருக்குத் தருவது செலவு மிக்கது. விகிதத்தை மட்டும் பார்ப்பவர் மலிவானவரை முதலில் காப்பாற்றுவார். மிக ஏழை எப்போதும் செலவு மிக்கவராகவே இருக்கிறார். லோம்போர்க்கின் கணக்கு முறையில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்துக் குறைந்த உணவு உண்டவர்களும் மருந்தால் குணமானார்கள் என்று 1959-ல் கண்டதைச் சற்று முன் பார்த்தோம். அதையே நீட்டி, காசநோய்த் திட்டத்தில் உணவுக்கு இடமில்லை என்று படித்தவர்களும் உண்டு. சோதனை சொன்னது ஒன்று. கேட்டவர் காதில் விழுந்தது மற்றொன்று. அறுபது ஆண்டுகளுக்குப்பின், அதே சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கு கொண்ட சோதனை ஒன்று ஜார்க்கண்டில் நடந்தது. நோயாளியின் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். 2023-ல் முடிவு வெளியாயிற்று: அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. மற்றவருக்குத் தொற்றக்கூடிய வகையைப் பார்த்தால் ஏறக்குறைய பாதியே குறைந்தது. நல்ல தடுப்பூசிக்குக் கிடைக்கும் பெருமையை ஒரு மூட்டை அரிசியும் ஒரு பை பருப்பும் பெற்றுவிட்டன!

உடனே, "அப்படியானால் உணவே முதலிடம், திருவள்ளூருக்கும் அரிசி அனுப்புங்கள்" என்று கிளம்பினால் பி.சி.ஜி. பாடத்தைப் படிக்கவில்லை என்று பொருள். ஜார்க்கண்டின் பட்டினி வேறு. தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. இங்கே அதே மூட்டை அதே பயனைத் தருமா, அரிசிக்குப் பதில் பருப்பும் முட்டையும் வேண்டுமா என்பதை இங்கேதான் சோதிக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கும்மிடிப்பூண்டி அறையில் தங்கும் ஜார்க்கண்டுத் தொழிலாளியின் குடும்ப அட்டை பெரும்பாலும் ஊரிலுள்ள குடும்பத்திடம் இருக்கிறது. அவர் எந்த மாநிலத்தின் பட்டியலில் வருவார்?

லோம்போர்க் குழுவினர் குறையை உணராமல் இல்லை. உலகுக்கு ஒரே பட்டியல் போதாது என்று கண்டு வங்க தேசத்துக்கும் ஹைட்டிக்கும் தனித்தனியாகப் பட்டியல் செய்தார்கள். 2018-ல் இராஜஸ்தானுக்கும் ஆந்திரப் பிரதேசத்துக்கும் செய்தார்கள். இது சரியான திசையில் வைத்த அடி. ஆயினும் ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு விகிதம், அந்தப் பக்கம் ஒரு விகிதம் என்று கிருமிக்குத் தெரியாது. மாநில எல்லை வரை இறங்கி வந்ததோடு திருப்தி அடையாமல், கடன் வாங்கிய எண்ணுக்குப் பதிலாக அந்தந்த இடத்தில் அளந்த எண்ணை வைத்தால்தான் அந்த உழைப்புக்குப் பயன் கிடைக்கும்.

அளப்பதற்குப் பணம் வேண்டும். எந்தப் பட்டியலிலும் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி நான் கண்டதில்லை. திருவள்ளூர்ச் சோதனையைக் கோபன்ஹேகன் அறிஞர்கள் முன் 1968-ல் ஒரு திட்டமாக வைத்திருந்தால் என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்? பதினைந்து ஆண்டு உழைப்பு, மூன்று நிறுவனங்களின் பணம், கடைசியில் ஒரு பூஜ்யம். ஒருவரைக்கூட நேரடியாகக் குணப்படுத்தவில்லை. விகிதம் போட்டால் கடைசி இடம். அந்தப் பூஜ்யம் எத்தனை நாடுகளின் பணத்தைத் தவறான வழியில் போகாமல் காத்தது என்று கணக்கிட்டால் முதலிடத்துக்கும் அது தகுதி உடையது.

இந்தச் செலவுதான் முதலில் வெட்டப்படுகிறது. 2025-ல் அமெரிக்க அரசு தன் வளர்ச்சி உதவி நிறுவனத்தையே கலைத்தது. பல ஏழை நாடுகளில் காசநோய்ப் பணிகள் ஒரே நாளில் தடைப்பட்டன. மருந்து நிற்பது உடனே கண்ணுக்குத் தெரியும். நோயாளிகளை எண்ணும் வேலை நிற்பது வெகு நாள் கழித்தே தெரியும். எண்ணாவிட்டால் 300 என்பது 400 ஆவதை யார் காண்பார்கள்?

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இங்கே குறிப்பிடத் தக்கது. நோய் கண்டவுடன் செவிலியர் எளிய சில அளவுகளைப் பார்க்கிறார்: எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன், துணையின்றி நிற்க முடிகிறதா என்பது. மிக மெலிந்து நலிந்தவராயின் வீட்டுக்கு அனுப்பாமல் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எல்லோருக்கும் படுக்கை தேவையில்லை என்று 1959-ல் உலகுக்குச் சொன்ன அதே தமிழ்நாடு, சிலருக்குப் படுக்கை கட்டாயம் தேவை என்று 2022-ல் கண்டுகொண்டது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. எவருக்கு என்று பிரித்தறிய ஓர் எடைக் கருவியும் விரலில் மாட்டும் ஒரு சிறு கருவியும் போதுமாயிருந்தன. இதைச் செய்யும் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், தமிழ் தெரியாத சூளைத் தொழிலாளி வந்து நிற்கும்போது அவருடைய எடையை எந்த ஊர் ஏட்டில் எழுதுவது, ரயிலேறிய பின் அந்த ஏடு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வி.